அரம் படாத அச்சு

"வலது பக்கம் கொஞ்சம் தளர்த்துங்க... இல்லேன்னா விலாவுல குத்தும்."

கண்ணாடிக்குள்ளிருந்து வந்ததைப் போல இருந்தது அந்தக் குரல்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆள் உயரக் கண்ணாடியில் முதலில் தெரிந்தது அவளேதான்... முதுகில் கயிறு கட்டி இறுக்கும் கறுப்பு கோர்செட் மேலாடையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த அக்கா. அக்காவுக்கும் பின்னால், துணிகள் தொங்கும் கம்பியின் ஓரத்தில், ஓர் இளைஞன். அவன் கையில் அதே மாதிரி இன்னொரு மேலாடை, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பப்பட்டு. தையலுக்குள் ஓடிய பட்டைக் கம்பியை விரலால் வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவனின் பார்வை இப்போது அவள் முதுகில் இருந்தது.

"முதுகு வலப்பக்கமா வளையுது இல்லையா... அதான்," என்றான். வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல, அவ்வளவு சாதாரணமாக.

துணி மடித்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண்ணின் கை நின்றது. கண்ணாடி முன் நின்றவளுக்குக் காது மடல்வரை சுட்டது. இந்தக் கடையில் யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்று... ஒரே ஒரு வாக்கியத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"நான் உங்களைக் கேட்டேனா?"

அவன் கண்கள் அகன்றன. பெரிய கண்கள். தூக்கம் குறைந்தவை. கையிலிருந்த மேலாடை நழுவிக் கீழே விழுந்தது.

"நீங்க... மூணாவது பிளாட்பாரம்!"

"என்னது?" என்றாள் அக்கா.

"இல்ல... ரயில்வே ஸ்டேஷன்ல... 'மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்'னு... தினமும் கேக்குறேன். அந்தக் குரல் நீங்கதானா?"

"முதுகைப் பத்தியும் சொல்லியாச்சு, குரலைப் பத்தியும் சொல்லியாச்சு. இன்னும் என்ன பாக்கி? பல்லை எண்ணிப் பாக்குறீங்களா?" அக்கா கயிற்றை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "பொம்பளைங்க துணி போட்டுப் பாக்குற இடத்துல உங்களுக்கு என்ன வேலை?"

"நான் வளைஞ்ச முதுகுக்குப் போடுற கூடு செய்யுறவன்ங்க. ஆஸ்பத்திரிப் பட்டறையில. போட்டுக்குற பிள்ளைங்க எல்லாம் அழுவுது... கொஞ்சம் அழகா செய்யலாமேன்னு, இந்தக் கயிறு கட்டுற விதத்தைப் பாக்க..."

"பார்த்தாச்சு இல்ல? கிளம்புங்க."

அவன் விழுந்த துணியை எடுத்து மாட்டினான். தலைகீழாக. அப்படியே மழையில் இறங்கிப் போனான்.

கண்ணாடியில் அவள் மட்டும் மிஞ்சினாள். அக்கா மறுபடியும் கயிற்றை இழுத்தாள். தோள்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தன. "பாருடி சின்னு, யாருக்குமே தெரியாது!" என்றாள் அக்கா.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது குரலே அல்ல... காற்றுப்போன பலூன் மாதிரி ஏதோ.

*

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில், சின்ன ஜன்னல் வைத்த அறையில், ஒலிவாங்கியின் முன்னால் அவள் வேலை. அந்த ஊரில் அவள் குரலைக் கேட்காதவர்கள் இல்லை. அவளைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவள் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

பள்ளிக்கூடத்துக்குப் போன காலத்தில் பிளாஸ்டிக் கூடு ஒன்றைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அக்காதான் தினமும் காலையில் பட்டையை இறுக்கிவிடுவாள். வகுப்பில் யாராவது பின்னாலிருந்து வந்து அந்தக் கூட்டை விரல் முட்டியால் தட்டுவார்கள். 'வீட்டுல யாராவது இருக்கீங்களா?' என்பார்கள். வகுப்பே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். அத்தனை வருடம் போட்டும் முதுகு நிமிரவில்லை. கூட்டைக் கழற்றிய நாளிலிருந்து தொளதொளச் சட்டைகள்தான்.

இப்போது நிலையத்து ஊழியர்களின் இசைக்குழு நகர மண்டபத்தில் கச்சேரி வைக்கிறது. ஒவ்வொரு பாட்டையும் மேடையேறி அறிமுகம் செய்ய வேண்டும். "உங்க குரலுக்கு இந்த ஊரே ரசிகர்ங்க... ஒரு தடவை முகத்தையும் காட்டுங்களேன்," என்று நிலைய அதிகாரி கேட்டார். எப்போதும் போல முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

ஏன் சொன்னாள்? அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரே ஒரு மாலை... பார்ப்பவர்கள் முதலில் வேறு எதையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம். அந்தக் கறுப்பு மேலாடையை வாங்கியதும் அந்த ஆசையில்தான். இறுக்கினால் குரல் இல்லை. தளர்த்தினால் முதுகு தெரியும். எது வேண்டும் என்று யோசித்தபடியே நாட்கள் போயின.

ஒரு மாலை, கீழே விசாரணைக் கவுன்டரிலிருந்து போன் வந்தது.

"ஏம்மா, இங்க ஒருத்தர் வந்திருக்கார். கையெல்லாம் வெள்ளையா மாவு. காணாமப் போன பொருளுக்கு அறிவிப்பு குடுக்கணுமாம்."

"என்ன பொருளாம்?"

"புத்தியாம். துணிக்கடையில வெச்சுத் தொலைச்சுட்டாராம்."

அடக்குவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின்மீதே அவளுக்குக் கோபம் வந்தது. இறங்கிப் போனாள்.

நடைமேடையின் கடைசி பெஞ்சில் அவன் எழுந்து நின்றான். மழைச்சாரல் பெஞ்சில் பாதியை நனைத்திருந்தது. காய்ந்த பாதியை அவளுக்குக் காட்டிவிட்டு, ஈரத்தில் அவன் உட்கார்ந்தான்.

"மன்னிச்சுடுங்க. வேலைப் பழக்கம். பஸ்ல முன்னாடி நிக்கிறவங்க முதுகைக்கூட அளந்துட்டுதான் வருவேன்."

"என்னைக்காவது அடி வாங்குவீங்க."

"வாங்கியிருக்கேன்." சட்டென்று சொன்னான். "எங்க பட்டறையில என்னை 'மாவு'ன்னுதான் கூப்பிடுவாங்க. மாவுக்கட்டு போடுற ஆள்னு. அடி வாங்கின அன்னிக்கு எனக்கே போட்டாங்க."

மறுபடியும் சிரிப்பு. இந்த ஆளிடம் கோபத்தைக் காப்பாற்றுவது கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவன் கண்களை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். பேசும்போது முகத்தையே பார்க்கிற கண்கள். முதுகு தெரிந்துவிட்ட பிறகும்...

அந்தக் கண்கள் கொடுத்த துணிச்சலில்தான் கேட்டாள்.

"என் முதுகை நிமிர்த்த முடியுமா?"

அவன் சிரிப்பு நின்றது. கையிலிருந்த மாவைச் சுரண்டினான்.

"வளருற வயசுல கூடு போட்டா மேல வளையாமப் பிடிச்சு நிறுத்தலாம். இப்போ... கூடு போட்டு நிமிர்த்த முடியாதுங்க."

தெரிந்த பதில்தான். இருந்தாலும் அவள் உள்ளே எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

"நிமிர்த்த வேணாம். நேரா தெரிஞ்சா போதும். ஒரே ஒரு சாயங்காலம். அந்தக் கறுப்பு மேலாடை என்கிட்ட இருக்கு. இறுக்காம... எனக்குக் குரலும் வரணும், நேராவும் தெரியணும். உங்களால முடியுமா?"

அவன் தண்டவாளத்தில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியும்," என்றான் கடைசியில்.

*

பட்டறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. மெல்லிய பனியனோடு அவள் நடுவில் நின்றாள். அங்கே மூத்தவரான ஓர் அம்மா மாவுத்துணிப் பட்டைகளை வெந்நீரில் முக்கி, பிழிந்து, அவள் உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டே வந்தார். ஆடாமல் இருக்க அவன் எதிரே நின்று அவள் தோள்களைப் பிடித்துக்கொண்டான். பார்வை தரையில்.

"தம்பி, நீ பிடிச்சிருக்கியா இல்ல சாஞ்சிருக்கியா?" என்றார் அந்த அம்மா. அவன் காது சிவந்தது.

மாவு இறுக இறுகத் தானாகவே சூடானது. யாரோ மெல்ல அணைத்துக்கொள்வதைப் போல... அந்த நினைப்பு வந்ததும் அவள் வெட்கப்பட்டாள்.

"ஏதாவது பேசுங்க, நேரம் போகும்," என்றான் அவன் தரையைப் பார்த்தபடி.

"என்ன பேச?"

"மூணாவது பிளாட்பாரம்..."

"ஆசை!" என்றாள். ஆனால் மெதுவாக, ஒலிவாங்கி இல்லாமல், அவனுக்கு மட்டும் கேட்கும்படி அந்த அறிவிப்பைச் சொன்னாள். அவன் தலை நிமிர்ந்தது. கண்கள் சந்தித்தன. தோளைப் பிடித்த விரல்கள் சட்டென்று இளகின. கூட்டின்மீது தட்டிய கைகளையே இத்தனை காலம் நினைவில் வைத்திருந்தவளுக்கு அந்த இளக்கம் என்னவோ செய்தது.

காய்ந்த கட்டைக் கத்தரித்து எடுத்தார்கள். சுவரோரத் தட்டில் வெள்ளை வெள்ளையாய் உடம்புகள் நின்றன. தலை இல்லாமல், கை இல்லாமல்.

"இதுக்குள்ள மாவு ஊத்தினா உங்க உடம்போட அச்சு வரும்," என்றான். "அப்புறம் அரத்தை வெச்சு மேட்டை ராவுவோம். பள்ளத்துல மாவு நிரப்புவோம். எப்படி இருக்கணுமோ அப்படித் திருத்தினதுக்கு அப்புறம்தான் அதுமேல எதையும் செய்வோம்."

"அப்போ நான் எப்படி இருக்கணுமோ அப்படித் திருத்திடுங்க."

"ம்," என்றான்.

அந்த 'ம்'மை அவள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். கறுப்பு மேலாடையை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு தினமும் மாலையில், மாடி ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். நடைமேடையில் நிற்பான். அறிவிப்பு முடிந்ததும் அண்ணாந்து பார்த்துத் தலையசைப்பான். 'ஆச்சா?' என்று சைகையில் கேட்பாள். 'ஆகிட்டே இருக்கு' என்பான் கையால். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, நேராக இருக்கும் தன்னைக் கற்பனை செய்து பார்ப்பாள். அப்படிப் பார்க்கப் பார்க்க, கண்ணாடியில் உண்மையாக இருந்தவள்மீது வெறுப்பு கூடிக்கொண்டே போனது. ஆசை வளர்ந்தால் துக்கம் குறைய வேண்டாமா? இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன.

*

கச்சேரி மாலையிலும் மழை. மேடைக்குப் பின்னால் இருந்த அலங்கார அறையின் கதவைத் தட்டி, அவன் ஒரு பையை அக்காவிடம் நீட்டினான். "இன்னும் முன்னாடியே குடுத்திருக்கணும்," என்றான். முகம் சரியில்லை.

அக்கா கயிற்றைக் கோத்துக் கட்டினாள். எங்கும் குத்தவில்லை. எங்கும் பிடிக்கவில்லை. பட்டைக் கம்பிகள் ஒவ்வொன்றும் அவள் விலாவின் வழியைத் தெரிந்துவைத்திருந்தன. அவள் மூச்சை இழுத்தாள். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது... இடது விலாவின் அடிவரைக்கும். அங்கெல்லாம் தனக்கு மூச்சு போகும் என்றே அவளுக்குத் தெரியாது.

"அக்கா... எப்படி இருக்கு?"

அக்கா அவளையே பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவள் கண்ணாடியின் பக்கம் திரும்பினாள்.

வலது தோள் மேலே. இடுப்பு இடது பக்கம் ஒதுங்கி. கடையில் நேராக ஓடிய தையல் கோடுகள் எல்லாம் இப்போது அவள் உடம்போடு சேர்ந்து வளைந்திருந்தன. தொளதொளச் சட்டை இத்தனை வருடம் மறைத்ததை, இந்த மேலாடை வரி வரியாக வரைந்து காட்டியது. வெளியே மண்டபத்தில் வயலின்கள் சுருதி கூட்டின. நாற்காலிகள் நிறைந்துகொண்டிருந்தன.

"அவரைக் கூப்பிடு," என்றாள்.

அவன் உள்ளே வந்து கதவோரம் நின்றான்.

"முடியும்னு சொன்னீங்களே... முடியலையா?"

"முடியும்ங்க," என்றான். "இடது பக்கம் பஞ்சு வெச்சு நிரப்பினா, ஒரு சாயங்காலத்துக்கு யாருக்கும் தெரியாது. சுலபமான வேலை. அச்சை எடுத்து மேசையில வெச்சேன்... அரத்தைக் கையில எடுத்தேன்... தினமும் எடுத்தேன். எத்தனையோ அச்சு ராவியிருக்கேன். இதை ராவக் கை வரல. ராவினா நீங்க இல்லாமப் போயிடுவீங்கன்னு... அச்சு இருந்தபடியே அதுமேல வெச்சு மேலாடையைத் தெச்சுட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. இப்படியே பிடிச்சிருக்கு."

இந்த வார்த்தைகளை யாராவது தன்னிடம் சொல்வார்களா என்று அவள் ஏங்கிய இரவுகள் உண்டு. அவை இப்போது வந்தன. இந்த அறையில், இந்தக் கண்ணாடியின் முன்னால்...

"உனக்குப் பிடிச்சா போதுமா?"

முதல் முறையாக அவனை 'நீ' என்றாள்.

"எனக்குப் பிடிக்க வேணாமா? என் உடம்பு. ஒரே ஒரு நாள் கேட்டேன். வேற யார்கிட்டயும் கேக்காததை உன்கிட்ட கேட்டேன். உனக்கு ரசிக்க ஒரு முதுகு வேணும்ங்கறதுக்காக என்னை இப்படியே நிறுத்திட்டே!"

அவன் தலை குனிந்தான். அவள் சொன்னதில் தவறு இல்லை.

"நீ வெளிய போப்பா," என்றாள் அக்கா. கடையில் பேசிய சூடு அந்தக் குரலில் இல்லை. களைப்புதான் இருந்தது. அவன் போனதும் தன் சால்வையை எடுத்தாள். "இதைப் போர்த்திக்கடி. இல்ல, போகவே வேணாம். உடம்பு சரியில்லன்னு நான் போய்ச் சொல்லிடறேன்."

அவள் ஒவ்வொன்றாக யோசித்தாள். சால்வையைப் போர்த்தினால், மேடையில் நிற்பது எப்போதும் போல ஒளிந்திருக்கும் ஒருத்தி. போகாவிட்டால் நிலைய அதிகாரியே படித்துவிடுவார், யாருக்கும் நஷ்டமில்லை. கயிற்றை இழுத்து இறுக்கலாமா? முதல் வரியைச் சொல்லிப் பார்த்தாள். குரல் அடியிலிருந்து எழுந்து அறை முழுக்க நின்றது. இறுக்கினால் இது போய்விடும்.

அழுதாள். அக்கா கண்மையைத் துடைத்துச் சரிசெய்தாள். மறுபடியும் அழுதாள். அப்புறம் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தாள். அதைத் தைரியம் என்று சொல்ல முடியாது. தன்னிடம் மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

விளக்கு அவள்மீது விழுந்தது. முன்வரிசையில் யாரோ "இவங்களா?" என்றார்கள். அதன்பின் ஒரு பெண் குரல், தாழ்வாக, ஆனால் தெளிவாக: "ஐயோ... பாவம்."

அவள் பயந்திருந்த வார்த்தை அதுதான். அது காதில் விழுந்துவிட்டது.

அவள் படித்தாள். பாட்டின் பெயர், இசைத்தவர் பெயர், வாத்தியங்கள்... குரல் எங்கும் உடையவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த இசைக்குழு முழுவதும் கச்சேரி முடியும்வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். முடிந்ததும் வந்து பாராட்டியவர்கள், எங்கே பார்க்கக் கூடாது என்பதில் கவனமாக, அவள் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினார்கள்.

பின்வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். கூரை இருந்தும் மழையில்.

"'பாவம்'னு சொன்னாங்க," என்றாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

இல்லை, யாரும் சொல்லவில்லை என்று அவன் சமாளித்திருந்தால் அந்தக் கணமே திரும்பிப் போயிருப்பாள்.

"நான் மேடையில ஏறி என்னையே ஏத்துக்கிட்டேன், இனிமே சந்தோஷமா இருப்பேன்னு எல்லாம் நெனச்சுக்காத. அப்படி எதுவும் நடக்கல. நாளைக்கும் கண்ணாடியைப் பார்த்தா அழுவேன்."

"நான் செஞ்சது தப்பு." மழை அவன் இமைகளில் நின்று வழிந்தது. "உங்களைக் கேட்டிருக்கணும். உங்க முதுகைப் பத்தி நான் முடிவு எடுத்துட்டேன். நீங்க சொன்னா நாளைக்கே அச்சை ராவிடுறேன்."

"ராவுவியா?"

"அழுதுகிட்டே ராவுவேன்."

சிரிப்பு வர வேண்டிய இடம். அவளுக்கு அழுகைதான் வந்தது. வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, நின்ற இடத்திலேயே அழுதாள். அவன் ஓர் அடி முன்னால் வந்தான். தொடலாமா என்று தெரியாமல் நின்றுவிட்டான்.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு," என்றாள் விம்மலுக்கு நடுவே. "அதான் பெரிய கஷ்டமே. வேற யாராவது இதைச் செஞ்சிருந்தா வெறுத்துட்டுப் போயிருப்பேன். உன்னை வெறுக்க முடியல... மன்னிக்கவும் முடியல. ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

"தெரியலையே..." என்றான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

தெரு முனையிலிருந்து அக்கா குடையை ஆட்டினாள். "சின்னு! பஸ் வந்துடுச்சு, வா!"

பஸ்ஸின் விளக்குகள் ஈரச் சாலையில் நீண்டு வந்து நின்றன. அவள் அசையவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

"அக்கா..." என்றாள். "நீ முன்னாடி போ."